கண்ணாடியில் படியும் பனி

தை மாதத்து விடியற்காலையில் காடாம்புலியூரிலிருந்து வடலூருக்குப் போகும் சாலை பாதி பனிக்குள் இருக்கும். இருபுறமும் முந்திரித் தோப்பு, இடையிடையே பலா. இரவெல்லாம் இறங்கிய பனி இலை நுனிகளில் திரண்டு, மழை விட்ட பிறகு சொட்டுவது போல மண்ணில் சொட்டிக்கொண்டிருக்கும். தைப்பூசத்தன்று அந்த ஈரக் குளிருக்குள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடப்பவர்கள், வேன்களில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள், வண்டியில் குழந்தையை நடுவில் வைத்துப் போர்த்திக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். கழுத்தில் கேமரா மாட்டிய சிலரும் உடன் போகிறார்கள். காலை ஆறு மணிக்கு முதல் ஜோதி தரிசனம்.

படமெடுப்பவருக்கு அப்படி ஒரு வேளை வாய்ப்பது அரிது. பூசத்து முழுநிலவு மேற்கே இறங்குகிறது, கிழக்கே வானம் சிவக்கிறது, நடுவில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. உள்ளே திரைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்நிறம், வெள்ளை, கடைசியாக எல்லா நிறமும் கலந்த ஒன்று. மாதப் பூசங்களில் ஆறு திரைகளே விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான். கண்ணாடிக்கு அப்பால் தீபச் சுடர் தெரிகிறது, சில நொடிகள்தான். கூட்டத்தில் கைகள் குவிகின்றன. அதே நொடியில் கைபேசிகளும் உயர்கின்றன.

கைபேசியை உயர்த்தியவர் ஜோதியைக் கண்டாரா? அவர் திரையில் கண்டது ஜோதிதானா?

வடலூரில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1872 ஜனவரி 25 அன்று, ஒரு தைப்பூச நாளில், வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் இந்தச் சபையில் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். கருவறைச் சிலை இங்கே இல்லை. ஆன்மாவின் ஒளிக்கு அடையாளமாக ஒரு விளக்கு, அந்த ஒளியை மறைக்கும் அறியாமைக்கு அடையாளமாக ஏழு திரைகள், அவ்வளவே. கல்லில் வடித்த உருவமே வேண்டாம் என்று விலகி வந்தவரின் சபையில், கைபேசிக்குள் பிடித்த உருவத்துக்கு என்ன இடம்?

இதையொட்டி இந்த வட்டாரத்தில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, பக்கத்துப் பண்ணுருட்டிக் குயவர் ஒருவரைப் பற்றியது. வள்ளலார் மீது கொண்ட அன்பால் அவரைப் போலவே மண்ணில் ஓர் உருவம் செய்து கொண்டுவந்து கொடுத்தார். பொன்னான மேனி மண்ணாகிவிட்டதே என்று சொல்லி வள்ளலார் அதைக் கீழே போட்டார், அது உடைந்தது. குயவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அவர் செய்ததில் பிழை ஏதும் இல்லை, அன்பு மட்டுமே இருந்தது.

இன்னொன்று ஒளிப்படம் பற்றியது. சென்னையிலிருந்து வந்த மாசிலாமணி முதலியார் என்ற ஒளிப்படக் கலைஞர் வள்ளலாரை எட்டு முறை படமெடுக்க முயன்றார் என்றும், எட்டு முறையும் வெள்ளாடை மட்டுமே விழுந்தது, உடல் விழவில்லை என்றும் அன்பர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, அது காயும் முன்பே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்த ஈரத்தகடு நீல ஒளிக்குத்தான் நன்றாக வினைபுரியும். வெள்ளைத் துணி பளிச்சென்று பதியும், மாநிறத் தோல் இருண்டுபோகும். ஆகவே ஆடை மட்டும் தெரிந்ததற்கு வேதியியலில் ஒரு காரணம் தேடலாம். ஆனால் கதையைச் சொல்பவர்கள் காரணம் தேடிச் சொல்லவில்லை. ஒளியாகிவிட்ட உடம்பை ஒளியால் எழுதும் கருவி எப்படிப் பிடிக்கும் என்பது அவர்கள் கேள்வி. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. இன்று வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் வள்ளலார் படம் ஓவியம்தான். கேமரா எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

உருவத்தைக் கண்ணிலேயே காட்டாத இடமும் உண்டு. ஜப்பானில் பனிக்குப் பேர்போன நாகானோ நகரத்தில் ஜென்கோஜி என்ற பழைய புத்தர் கோயில் இருக்கிறது. அங்குள்ள மூலப் படிமம் இந்தியாவில் தோன்றி, கொரியா வழியாக வந்ததாக ஐதீகம். அதை யாரும் பார்ப்பதில்லை, தலைமைக் குருக்கள் உட்பட. அதன் பிரதியைத்தான் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வைப்பார்கள். 2021-இல் வரவேண்டிய முறை கொரோனாவால் தள்ளி 2022-இல் நடந்தது. மற்ற நாட்களில் யாத்திரிகர்கள் மண்டபத்துக்கு அடியிலுள்ள ஒரு கும்மிருட்டுப் பாதையில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறார்கள். படிமத்துக்கு நேர் கீழே ஒரு பூட்டு இருக்கிறது. அது கைக்குத் தட்டுப்பட்டால் புத்தரோடு தொடர்பு உண்டாகிவிட்டது என்று நம்பிக்கை. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவோடு அந்தக் குளிரில் போய் இறங்கினாலும், அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. கைதான் காண்கிறது.

வடலூர் அப்படி மறைப்பதில்லை. காட்டுகிறது, ஆனால் காக்கவைத்துக் காட்டுகிறது. அங்கே கூட்டத்தில் இடிபட்டு நின்றவர்களுக்குத் தெரியும், ஆறு திரை விலகி ஏழாவது விலகும் வரை உள்ள நேரத்தில்தான் மனம் ஒருமுகப்படுகிறது. அந்த நேரத்தைக் கைபேசித் திரையைச் சரிசெய்வதிலும் வெளிச்சத்தைக் கூட்டுவதிலும் கழித்தவருக்குப் படம் கிடைத்திருக்கும். வந்த காரியம் கைநழுவிப் போயிருக்கும். கேமரா பாவம் செய்யவில்லை. அவசரம்தான் செய்கிறது.

காத்திருக்கத் தெரிந்த ஒளிப்படக்காரரும் இருந்தார். ஜப்பானின் பழங்கோயில்களை வாழ்நாள் முழுக்கப் படமெடுத்த டோமோன் கென், நாரா பக்கத்து மலையிலுள்ள முரோஜி கோயிலுக்கு 1939-இல் முதலில் போனார். பனி மூடிய முரோஜிதான் எல்லாவற்றிலும் அழகு என்று அங்கிருந்த குருக்கள் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. எத்தனையோ முறை போனார், பனி வாய்க்கவில்லை. பக்கவாதம் தாக்கியது, சக்கர நாற்காலிக்கு வந்தார். 1978 மார்ச்சில், ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, ஒரு காலை பனி விழுந்தது, எடுத்தார். அடுத்த ஆண்டே நினைவிழந்து விழுந்தவர் 1990-இல் காலமாகும்வரை எழவில்லை. அவருடைய காத்திருப்பைத் தவம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வடலூரில் சபைக்குப் பக்கத்திலேயே சத்திய தருமசாலை. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தரிசனம் முடித்துக் கேமராவோடு அங்கே நுழைகிறவருக்கு முதலில் ஒன்று நடக்கும். விடியும் மட்டும் பனியில் நின்று சில்லிட்ட லென்ஸ்மேல் சமையற்கட்டின் சூடான ஆவி பட்டதும், கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். துணியால் துடைத்தால் தெளியும், மறுகணம் மறுபடி பூக்கும். கண்ணாடி அறையின் சூட்டுக்கு வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் உள்ளே வருமுன் கேமராவை நெகிழிப் பைக்குள் கட்டிவைப்பார்கள், ஈரம் பையின் மேல் படிந்துபோகும். காடாம்புலியூர்க்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அவர் நிற்கிறார். அண்டாவிலிருந்து ஆவி எழுகிறது. ஒரு பாட்டி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "நின்னுக்கிட்டே இருக்கியே தம்பி, பந்தி ஆரம்பிச்சாச்சு, உக்காரு" என்கிறார். இலை விழுகிறது. கேமரா மடியில் இடிக்கிறது. அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, இலையில் தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் துடைக்கிறார்.