கூடத்துக்கு வந்த வேலை

சந்திரகிரி ராஜமகாலில் இன்று தர்பார் இல்லை. தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்த விஜயநகரக் காலக் கட்டடம் இன்னொரு வேலைக்கு இவ்வளவு எளிதாக இடம்கொடுத்ததற்குக் காரணம், அதன் விசாலமான கூடங்கள்தான் என்பேன். அரண்மனையை வீட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். அளவு வேறு, கணக்கு ஒன்றுதான். திருப்பதி, சித்தூர் பக்கத்துப் பழைய வீட்டுக் கூடமும் பகலில் பந்தி, இரவில் பாய் என்று இருந்ததுதானே? 2020-க்குப் பிறகு லேப்டாப் வேலைக்கும் அங்கேயே ஒரு மூலை கிடைத்தது. கட்டிலையும் அலமாரியையும் சுவரோடு பிணைத்த புது அறையில்தான் ஒரு மேஜை போடத் திண்டாட வேண்டியிருக்கிறது.

கூடத்தில் மீட்டிங் நடக்கும்போது குக்கர் விசிலடிக்குமே என்பது நியாயமான ஆட்சேபம். (மாமியார் குரலையும் சேர்த்துக்கொள்ளலாம்.) அதற்குச் சுவர் எழுப்ப வேண்டாம், கழற்றக்கூடிய மரத்தடுப்பு போதும். மிஞ்சும் பணத்தை வயரிங்குக்கும் பிளக் பாயிண்டுக்கும் செலவிடலாம். ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசக் கூடாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கூடுதல்தான். இரண்டு முறை பூசுவதைவிடக் குறைவு.