யுவான் ஷிகாய் மட்டுமா துரோகி?

1898 செப்டம்பர் 18 இரவு, பீக்கிங்கின் ஃபாஹுவா கோயிலில் தங்கியிருந்த படைத்தலைவர் யுவான் ஷிகாயைத் தேடி டான் சிதோங் வந்தார். வயது 33. இளம் பேரரசர் குவாங்சு தன் சீர்திருத்த வேலைகளுக்காக அந்த மாதம்தான் அவரைச் செயலகத்தில் அமர்த்தியிருந்தார். டான் கேட்ட உதவி சின்னதல்ல. தியான்ஜினுக்குப் போய் மேலதிகாரி ரோங்லுவைக் கொல்ல வேண்டும். பிறகு படையோடு திரும்பிப் பேரரசரின் பெரியம்மா சிக்சி இருந்த கோடை மாளிகையை வளைக்க வேண்டும்.

பேரரசரின் ஆணை என்று டான் ஒரு தாளை நீட்டினார். பேரரசர் எழுதுவது சிவப்பு மையில். இதுவோ கறுப்பு மை. ரோங்லுவைக் கொல்லச் சொல்லி அதில் ஒரு சொல்லும் இல்லை. யுவான் கேட்டதற்கு, இது நகல்தான், மூலம் வேறொருவரிடம் இருக்கிறது என்று பதில் வந்ததாம். இவை யுவானின் நாட்குறிப்பில் உள்ளவை. தன் மேல் விழுந்த பழியைக் கழுவ எழுதியது என்பதால் அதைச் சற்றுத் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

யுவான் 20ஆம் தேதி தியான்ஜின் திரும்பி ரோங்லுவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். 21ஆம் தேதி சிக்சி ஆட்சியைக் கையில் எடுத்தார், குவாங்சு சிறைப்பட்டார். 28ஆம் தேதி, விசாரணை என்ற பேச்சே இல்லாமல், டானோடு சேர்த்து ஆறு பேரின் தலைகள் சாய்ஷிகோ சந்தையில் உருண்டன. அன்று முதல் சீனத்தில் யுவான் என்றால் காட்டிக்கொடுத்தவர்.

இந்தப் பழி எவ்வளவு நியாயம்? அவர் மறுத்திருந்தால் அது குற்றமாகாது. அவரிடம் இருந்தது ஏறக்குறைய 7,000 பேர் கொண்ட படை. ரோங்லுவின் கீழ் அதைப்போலப் பல மடங்கு. கறுப்பு மைத் தாளை நம்பி மேலதிகாரியைக் கொல்ல எந்த அறமும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது. போதாததற்கு, சிக்சி 19ஆம் தேதியே கோடை மாளிகையிலிருந்து அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். ஆட்சிக் கவிழ்ப்பு யுவான் வாய் திறக்கும் முன்பே தொடங்கிவிட்டது என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுவது இதனால்தான். ஆனால் முதல் நாள் கைது ஆணையில் இருந்தவை டானின் சீர்திருத்தக் கூட்டத்துக்குத் தலைவரான காங் யூவெய், அவர் தம்பி ஆகியோரின் பெயர்களே. டான் பிடிபட்டது சில நாள் கழித்து. கவிழ்ப்பைக் கொலையாக்கியது யுவானின் வாய்தான் என்று சொல்ல இடமிருக்கிறது.

அவர் செய்த பிழை மறுத்ததில் இல்லை, மறுக்காததில் இருக்கிறது. தியான்ஜினில் நடக்கவிருந்த படை அணிவகுப்பு வரை பொறுங்கள் என்று டானுக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்பினார். 20ஆம் தேதி காலை பேரரசரை நேரிலேயே பார்த்தார். அங்கும் விஷயத்தை உடைத்துப் பேசவில்லை. யார் ஜெயிப்பார் என்று தெரியும்வரை மதில்மேல் பூனையாக இருந்து, தெரிந்ததும் குதித்தார். நான்கு நாள் முன்பு பதவி உயர்வு கொடுத்த கையின் உப்பு அவர் நாக்கில் காய்ந்துகூட இருக்காது.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்திவிடுவதுதான் வழக்கம், அது தவறு. அந்த வாரம் குவாங்சு தன் செயலர் யாங் ரூயியிடம் ஒரு ரகசியக் கடிதம் கொடுத்திருந்தார். 1909இல் யாங்கின் மகன் அதை அரசிடம் ஒப்படைத்தார். அதில் பேரரசர் கேட்டது, சிக்சியின் மனம் கோணாமல் சீர்திருத்தத்தைக் கொண்டுசெல்ல ஒரு வழி. நான்கு வயதுகூட நிரம்பாதபோது தன்னை அரியணையில் அமர்த்தி, தாய் ஸ்தானத்தில் நின்றவருக்கு எதிராக வாளெடுக்கும் எண்ணம் அதில் இல்லை. மாளிகைக்குள் புகுந்து சிக்சியைப் பிடித்துக் கொல்லும் வேலை தனக்கு ஒதுக்கப்பட்டது என்று சதியில் சேர்க்கப்பட்டிருந்த பி யோங்நியன் எழுதிவைத்திருக்கிறார். யார் பெயரால் சதி நடந்ததோ, அவர் கேட்டதற்கு நேர் எதிரானது அது.

காங் யூவெய் பிரிட்டிஷ் கப்பலில் தப்பினார். உயிர் தப்புவது பாவமில்லை. ஆனால் வெளிநாடு போய் அந்தக் கடிதத்தைத் திருத்தி, தன்னைக் காப்பாற்றும்படி பேரரசரே ஆணையிட்டது போல வெளியிட்டாரே, அதை என்ன சொல்வது? பேரரசரோ சிக்சியின் பிடியில், யிங்தாய் தீவில் கைதி. கடல் கடந்து எழுதிய ஒவ்வொரு வரியும் அவர் கழுத்தைத்தான் இறுக்கியிருக்கும்.

டானும் தப்பியிருக்கலாம், ஜப்பானியர் அடைக்கலம் தர முன்வந்தார்கள். அவர் போகவில்லை. அடுத்தவர் கழுத்தைப் பணயம் வைத்த சதியில் தன் கழுத்தையும் வைத்தவர் அவர். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் அவரோடு வெட்டப்பட்ட யாங் ரூயியும் லியு குவாங்தியும் காங்கின் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அல்ல. கோடை மாளிகைத் திட்டத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அவர்கள் சாவுக்கு யுவான் பதில் சொல்ல வேண்டும், சிக்சி சொல்ல வேண்டும். காங் யூவெயும் சொல்ல வேண்டும். 1927இல் இறந்த அவர், அப்படி ஒரு திட்டம் இருந்ததாகவே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை.