காணாத நெஞ்சை அறிதல்

அறிவு பிறக்கும் வழிகளை, அதாவது அளவைகளை, காட்சி, கருதல், உரை என மூன்றாகச் சைவ சித்தாந்தம் வகுக்க, நியாய மரபோ நம்பத்தக்கவராகிய ஆப்தரின் சொல்லையே உரையாக ஏற்கிறது. 2016 இல் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் கிழக்குக்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தை மட்டக்களப்பு வாவிக்கரை வீடொன்றிலிருந்து ஒருவர் அழைக்கும்போது, மறுமுனையில் இருப்பவருக்குக் காட்சி இல்லை. கிடைக்கும் உரையும் பதறியவருடையது.

நினைவு இருக்கிறதா, மூச்சு இயல்பாக வருகிறதா என்ற இரு வினாக்களே இதயநிறுத்தத்தைத் தொலைபேசியில் கண்டறிய உலகெங்கும் பயன்படுகின்றன. இதயம் நின்றபின்னும் மூளைத்தண்டின் தூண்டலால் சில நிமிடங்கள் விட்டுவிட்டு எழக்கூடிய திணறல் மூச்சை, மூச்சையே உயிரென எண்ணிப் பழகிய உறவினர் “மூச்சு இருக்கிறது” என்றே சொல்வர். அவர் பொய் சொல்லவில்லை, ஆயினும் அச்சொல் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். ஆகவே அழைப்பை ஏற்பவர் சொல்லைவிட, மூச்சுகளுக்கு இடைப்பட்ட நீளத்திலிருந்து கருதலால் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. இதயம் துடிப்பவரின் மார்பைத் தவறுதலாக அழுத்துவதால் பெருந்தீங்கு நேர்வது அரிது, நின்றவரின் மார்பை அழுத்தாதிருப்பதோ மரணம் என்பதால், ஐயம் தீருமுன்பே நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தச் சொல்வது இங்கு அறிவுக்குறையன்று, அறமே.