பழைய துப்பாக்கி: புதுக்குவதா, காப்பதா?

சிறியதொரு கேள்வி சில வேளைகளில் பெரியதொரு கேள்விக்கு வாயிலாக அமைவதுண்டு. அத்தகைய கேள்வி ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

போர் ஓய்ந்தபின் பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்று ஒருவன் கைக்கு வருகிறது. அது பாட்டனார் விட்டுச்சென்றதாக இருக்கலாம். அரசு கழித்த உபரிச் சரக்கிலிருந்து மலிவு விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இது அன்றாட நிகழ்ச்சி. அவன் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதனைப் புதுக்குவது: நீண்ட மரக்கட்டையைக் குறுக்கிக் குழலை அறுத்து, மேற்புறத்தில் துளையிட்டுத் தொலைநோக்கி பொருத்தி, வேட்டைக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்வது. மற்றொன்று, கீறலும் கறையும் தொழிற்சாலை முத்திரையுமாக இருந்தது இருந்தபடியே காப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்லாயிரவர் முதல் வழியைக் கைக்கொண்டனர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் தடைசெய்யும் வரையில் இத்தகைய துப்பாக்கிகள் அந்நாட்டில் அஞ்சல் வழியாகவே விற்கப்பட்டன. மலிவான பொருளை அறுக்க யார்தாம் தயங்குவர்? இன்றோ அறுக்கப்படாதவற்றுக்கே விலை மிகுதி, அறுத்தவன் வருந்துகிறான், சேகரிப்பவன் “தொடாதே” என்கிறான்.

அன்று அறுக்கச் சொன்னதும் விலை. இன்று அறுக்காதே என்பதும் விலை. விலை மாறினால் மாறிவிடும் அறிவுரையை அறம் என்று எங்ஙனம் கொள்வது? ஆகவே சந்தையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பொருளையே நோக்குவோம்.

நம் நாட்டினர் நன்கறிந்த ‘முந்நூற்று மூன்று’ என்னும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த பொறியமைப்பும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்து அதன் பெயராயின. பத்துத் தோட்டாக்கள் கொள்வது. குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. 1907ஆம் ஆண்டில் உருவான அதன் மூன்றாம் வகை, வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் இந்தியப் போர்வீரர் தோளில் தொங்கியது அதுவே.

இனி, ‘இருந்தது இருந்தபடி’ என்பதன் பொருள் யாது? இத்துப்பாக்கிகளுள் பல, பணியிலிருந்த காலத்திலேயே மீண்டும் மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்று திரும்பியவை. தேய்ந்த குழல் போயிற்று, புதுக் குழல் வந்தது. பிளந்த கட்டை போயிற்று, வேறு கட்டை வந்தது. எந்த நாளில் இருந்ததை நாம் ‘மூலம்’ என்பது? மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி வினவிய வினாவை அன்பர்கள் அறிவர். சக்கரம் தேரா? அச்சு தேரா? நுகம் தேரா? ஒன்றுமன்று. அவையெல்லாம் கூடிய வழி நாம் வழங்கும் பெயரே தேர். துப்பாக்கியும் அவ்வாறே. அதனுள் மாறாத மூலப்பொருள் ஒன்று ஒளிந்திருக்கவில்லை. எனவே, மாற்றம் என்பதனாலேயே மாற்றம் குற்றமாகிவிடாது. சேகரிப்பவன் போற்றும் ‘தூய மூலம்’ பெரும்பாலும் அவன் மனத்தில் மட்டுமே உள்ளது.

அங்ஙனமாயின் எது செய்யினும் ஒன்றுதானோ? அன்று. ஒரு விளக்கின் சுடர் முன்யாமத்திலிருந்த சுடரன்று. ஆயினும் அதன் தொடர்ச்சி. தொடர்ச்சி உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. செயலின் நன்மை தீமையைச் செய்வோனது எண்ணத்தில் வைத்து எடைபோடுவது நம் நெறி. ஆதலால், ‘மாற்றலாமா?’ என்று கேட்பதினும், ‘எந்த எண்ணத்தோடு மாற்றுகிறோம்?’ என்று கேட்பதே தகும்.

இதே துப்பாக்கியின் வரலாற்றிலிருந்து மூன்று மாற்றங்களைக் காட்டுவேன்.

முதலாவது: ஆங்கில ஆட்சியில், நம் நாட்டுக் காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் கொடுப்பதற்கென்று இத்துப்பாக்கியை மாற்றினர். குழலின் உட்சுற்று வரிகளை நீக்கி, வழவழப்பான அகன்ற குழலாக்கினர். தோட்டாப் பெட்டியில் மரக்கட்டையைச் செருகி, ஒரு வேளைக்கு ஒரு தோட்டாவே இடுமாறு செய்தனர். 1857ஆம் ஆண்டின் அச்சம் ஆள்வோரைவிட்டு நீங்கவில்லை. சுடவும் வேண்டும், ஆனால் தம்மை எதிர்த்துச் சுடும் வல்லமை இந்தியனுக்கு இருக்கவும் கூடாது. இதுவே அந்த மாற்றத்தின் எண்ணம். அது இரும்பில் செதுக்கப்பட்ட அவநம்பிக்கை.

இரண்டாவது: 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், இச்சாப்பூரில் இதே அமைப்பை வலுவான எஃகினால் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றதாக்கினர். விடுதலை பெற்ற நாடொன்று தன் எல்லையைக் காக்கும் அவசரத்தில் செய்த புதுக்கல் அது. அச்சம் இங்கும் உண்டு. ஆனால் தன் குடிகளை நோக்கிய அச்சமன்று.

மூன்றாவது: கனடாவின் வடகோடிப் பனிநிலத்தில் காவற்பணி செய்யும் ‘ரேஞ்சர்’ படையினர், பலர் அந்நிலத்தின் ஆதிகுடியினர், 1947ஆம் ஆண்டு முதல் லீ-என்ஃபீல்டையே ஏந்தினர். கடுங்குளிரிலும் அது தடையின்றி இயங்கியது, வெண்கரடியிடமிருந்து உயிர்காத்தது. உதிரிப் பாகங்கள் கிடைத்தற்கரியன ஆனபோது, 2018ஆம் ஆண்டு முதல் புதிய துப்பாக்கி அவர்க்கு வழங்கப்படலாயிற்று. பழையதன் மேல் பற்றுமில்லை, புதியதன் மேல் மயக்கமுமில்லை. தேவை தீர்ந்தது, விடை கொடுத்தனர்.

மூன்றும் மாற்றமே. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல என்பதை நும் உள்ளமே சொல்லும்.

இப்போது நமக்கு நெருங்கிய இடத்திற்கு வருவோம். பழமை என்னும் ஒரே காரணத்திற்காக ஒன்றைப் போற்றுவது நமக்கு உடன்பாடன்று. பழமையின் பெயரால் கிணறும் தெருவும் மறுக்கப்பட்ட மக்கள் நாம். ‘தொன்றுதொட்டு வந்தது, ஆகவே தொடாதே’ என்ற சொல்லின் கொடுமையை நம் முன்னோர் முதுகு அறியும். ஆயுதத்திற்குப் பொட்டிட்டு மாலை சூட்டும் வழக்கத்தையும் விட்டோம். அங்ஙனமிருக்க, கொலைக்கருவி ஒன்றைப் ‘பழையது, காப்பாற்று’ என்று நாமே சொல்லலாமா? ஆயுத வாணிகம் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் ஒன்றன்றோ?

இவ்வினா நேர்மையானது. இதற்கு விடை அசோக மன்னரிடம் கிடைக்கின்றது. கலிங்கப் போரில் நூறாயிரவர் கொல்லப்பட்டனர், ஒன்றரை நூறாயிரவர் நாடு கடத்தப்பட்டனர் என்னும் செய்தி நமக்கு யார் வாயிலாகத் தெரிந்தது? பகைவர் எழுதியதன்று. வென்ற மன்னரே, தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில், தம் வருத்தத்தோடு அதனைப் பொறித்துவைத்தார். மறைத்திருக்கலாம், வெற்றிப் புகழாக மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. போற்றுவதற்காகக் காப்பது வேறு. சான்றுக்காகக் காப்பது வேறு. முன்னது பூசை; பின்னது வாய்மை. சாதிக் கொடுமையின் ஆவணங்களையும் நாம் எரித்துவிடுவதில்லையே! படிக்கிறோம், பாதுகாக்கிறோம், நம் பிள்ளைகட்குக் காட்டுகிறோம். சான்று அழிந்தால் பயன் பெறுபவன் குற்றம் செய்தவனே.

மேற்சொன்ன வழவழப்புக் குழல் துப்பாக்கியை எண்ணிப் பாருங்கள். அதனை ஒருவன் அழகுபடுத்தி, மரக்கட்டையை எடுத்தெறிந்து, மெருகிட்டு வைத்தானாயின், அழிவது துப்பாக்கியன்று. ஓர் அரசு தன் குடிகளை எவ்வாறு கண்டது என்னும் வாக்குமூலம்.

இன்னொன்றும் உண்டு. ஒடுக்கப்பட்டோர்க்குப் படைவாழ்க்கை வெறும் கூலிப் பிழைப்பாக இருக்கவில்லை. மதராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர் பலர் பணியாற்றினர். பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். பாபாசாகேப் 1891ஆம் ஆண்டில் பிறந்ததும் மாவ் படைமுகாமில்தான். சேரியில் தலைகுனிந்து நின்றவன் அணிவகுப்பில் தலைநிமிர்ந்து நின்றான், எழுத்தும் கற்றான். பின்னர் ‘வீர மரபினர்’ என்றும் அல்லாதார் என்றும் குலம் பிரித்து, மகார்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தியது. 1941ஆம் ஆண்டில்தான் மகார் ரெஜிமெண்ட் பிறந்தது. கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கியது அம்மக்களுக்கு அமைதியைக் கொடுக்கவில்லை, இழிவையே கொடுத்தது. கொல்லாமையைத் தானே தேர்ந்தவன் வேறு. ‘நீ ஏந்தத் தகுதியற்றவன்’ என்று தள்ளப்பட்டவன் வேறு. இந்த வேறுபாட்டை மறந்து துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது நமக்குப் பொருந்தாது.

நம் பாட்டன்மார் துப்பாக்கியை வீட்டிற்குக் கொண்டுவரவில்லை; அது அரசின் உடைமை. கொண்டுவந்தது பதக்கமும் பழுப்பேறிய நிழற்படமுமே. துப்பாக்கிகளோ அரசுக் கிடங்குகளிலும் காவல் நிலையங்களிலும் நீடித்தன. 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலின்போதும் இரயில்வே காவலர் கையில் இருந்தது இதே முந்நூற்று மூன்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது. ஆகவே ‘புதுக்குவதா, காப்பதா?’ என்பது அயல்நாட்டு வேட்டைக்காரனின் கேள்வி மட்டுமன்று. கழிக்கப்பட்ட கருவிகளை வைத்திருக்கும் ஒவ்வோர் அரசின் கேள்வியும் ஆகும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி உயிரைப் பற்றியது. இக்கருவி இங்கிருப்பதால் எவருக்கேனும் தீங்கு வருமோ? பூட்டி வைக்க இடமில்லை, குடிவெறியும் சினமும் உள்ள வீடு, திருடர் கைக்குப் போகும் அச்சம் என்றால், ஆய்வுக்கு இடமில்லை. அரசிடம் ஒப்படைத்து உருக்கிவிடுக. நினைவினும் உயிர் பெரிது. உருக்குமுன் எண்ணையும் முத்திரையையும் எழுதி வைத்துக்கொள்க, அது போதும்.

இரண்டாவது கேள்வி வாய்மையைப் பற்றியது. இக்கருவி எதற்கேனும் சான்றாக உள்ளதோ? உளதாயின் அறுக்காதீர், அராவாதீர். ஒருமுறை அறுத்த குழல் மீண்டும் வளராது. நாம் இன்று அற்பமென்று எண்ணும் குறி, நாளை வரும் மாணவனுக்கு ஒரு வாக்கியமாக அமையலாம்.

மூன்றாவது கேள்வி பயனைப் பற்றியது. உயிர்காக்கும் உண்மையான தேவை உண்டோ? பனிநிலத்து மனிதனை நாம் இங்கிருந்துகொண்டு பழிக்க வேண்டா. ஆனால், பொழுதுபோக்கு வேட்டைக்காகப் புதுக்குவதை முன்னேற்றம் என்று சொல்லாதிருப்போம். மனிதனைக் குறிபார்த்தது இனி மானைக் குறிபார்க்கும், அவ்வளவே. நம் நாட்டிலோ உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

விலையைப் பற்றிய கேள்வி நான்காவது. அது கடைசியிலேயே நிற்கட்டும்.

பெரும்பாலான இடங்களில் இவ்வரிசை ஒரு வழியையே காட்டும்: உருவத்தைக் காத்து, சுடும் ஆற்றலை நீக்கி, சட்டப்படி பொது இடத்தில் சான்றாக வைப்பது. ‘சுடும் ஊசியை எடுப்பதும் ஒரு மாற்றந்தானே?’ எனலாம். ஆம், மாற்றமே. மாறாதது ஏதுமில்லை என்று முன்னரே ஒப்புக்கொண்டோம். ஆயினும் இம்மாற்றம் எதனையும் மறைக்கவில்லை. இக்கருவி இதனைச் செய்தது, இனிச் செய்யாது என்பதனையே வெளிப்படையாகச் சொல்கிறது.

பாட்டனாரின் பதக்கத்தை வைத்திருக்கும் அன்பர்களே! அதனை உருக்கி மோதிரம் செய்யவும் வேண்டா. அதற்கு மாலை சூட்டவும் வேண்டா. பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துக் காட்டுங்கள். அவர் எங்கு நின்றார், யாருக்காக நின்றார், நின்றதனால் என்ன பெற்றார், என்ன இழந்தார் என்று நான்கையும் சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே அப்பொருளைக் காப்பது.