அருவிக்கு வைத்த பெயர்

கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் மெக்வே அருவி ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நெடுஞ்சாலைக்கு அடியில் நுழைந்து, மலைச்சரிவை ஒட்டிய பாதையில் சில நிமிடம் நடந்தால் ஒரு திருப்பத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது: நீலக் குடா, காலடியே படாத மணல், ஓரத்தில் வெள்ளை நூல் போல நீர். கீழே இறங்க அனுமதியில்லை. நான் போன அன்று கடல் உள்வாங்கியிருந்ததால் அருவி மணலில் விழுந்துதான் கடலுக்குப் போனது. முன்பு நேரே கடலிலேயே விழுமாம். 1983இல் பெரிய நிலச்சரிவு வந்து, சாலையைச் சீர்செய்தபோது தள்ளிய மண் ஒதுங்கித்தான் இந்தக் கரை உருவானது. இயற்கை என்று நாங்கள் வரிசையில் நின்று படமெடுத்த மணல் அது.

அருவியைவிட அங்குள்ள பெயர்களிடம்தான் எனக்கு அதிக வேலை இருந்தது. மெக்வே, 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய பண்ணைக்காரர். அருவி இருக்கும் பூங்காவின் பெயரோ ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ். 1868இல் பிறந்து, அந்தக் கரடுமுரடான மலையில் மாடு மேய்த்து வாழ்ந்து, 1928இல் இறந்த பெண். இந்த நிலம் அவருடையதல்ல. அது 1924இல் லாத்ரப் பிரவுன் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் அவர் மனைவி ஹெலனும் வாங்கியது. பெரும் செல்வர்கள். அருவிக்கு எதிரிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். கணவர் இறந்தபின், 1960களின் தொடக்கத்தில், ஹெலன் அத்தனையையும் மாநிலத்துக்குக் கொடுத்தார். பூங்காவுக்குத் தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை, கணவர் பெயரையும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தோழியின் பெயரைச் சொன்னார்.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' எழுதும் ஊரிலிருந்து போனவளுக்கு இது சாதாரணமாகப் படவில்லை. பணக்காரப் பெண்ணுக்கும் மாடு மேய்த்த பெண்ணுக்கும் இடையிலான நட்பு ஒரு வரைபடத்தில் நிற்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஃபைஃபர் அப்பாவுடையது, பர்ன்ஸ் கணவருடையது. ஜூலியா மட்டும்தான் அவளுடையது.

அதைவிடக் கடினமான கேள்வி, ஹெலன் கொடுத்தது யாருடையது என்பது. எஸெலன், சலினன் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த கரை அது. அங்கே ஜூலியாவை 'முன்னோடி' என்றுதான் போற்றுகிறார்கள். அவர் குடும்பத்துக்கு முன்பே அங்கே ஆள் இருந்ததை அந்த ஒரு சொல் துடைத்துவிடுகிறது. ஹெலன் கொடையோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: வீட்டை அருங்காட்சியகமாக்கி, பழங்குடிகளின் பொருட்களையும் அதில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடித்துவிட வேண்டும். மாநிலம் இடித்துவிட்டது. நாம் நின்று பார்க்கும் மேடை அந்த வீட்டின் மிச்சம்தான். அவர்களுடைய பொருட்கள் நினைவுக்கு வந்த பெண்ணுக்கு அவர்களே ஏன் நினைவுக்கு வரவில்லை?

ஹெலனை நான் குறைத்துப் பேச வரவில்லை. சட்டம் தன்னுடையது என்று சொன்னதை அவர் தாராளமாகவே கொடுத்தார். கொடுப்பவளுக்கு யாருக்குக் கொடுப்பது, யார் பெயரை வைப்பது என்ற தேர்வு இருக்கிறது. திருப்பிக் கொடுப்பவளுக்கு அந்தத் தேர்வு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசி, நன்றியை மட்டும் கேட்பதில்தான் எனக்குச் சங்கடம்.

2020இல், இதே பிக் சரில், லிட்டில் சர் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலம் எஸெலன் மக்களின் அமைப்புக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் 45 லட்சம் டாலர் அரசுப் பணம் தேவைப்பட்டது. தனியாரிடமிருந்து விலை கொடுத்து வாங்கித்தானே அவர்களிடம் தர வேண்டியிருந்தது.