தெருவின் நேரே இறங்கும் சூரியன்



என் மூத்த ராத்தாவின் மகன் நியூயார்க் நகரில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் ஒருநாள் போனில் கூப்பிட்டான். ஸலாம் சொன்ன குரலிலேயே ஏதோ குறை தெரிந்தது. "மாமா, நேற்று அஸரைக் களாவாக்கிவிட்டேன். சூரியன் மறைவதைப் பார்க்க நின்று களாவாக்கினேன். இப்படி வேடிக்கை பார்ப்பது கூடுமா? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றான்.

சூரியன் மறைவதைப் பார்க்க அமெரிக்காவுக்கா போக வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

நியூயார்க்கின் நடுவே மன்ஹாட்டன் என்று ஒரு தீவு. 1811-ல் அதற்குத் தெருக்கள் வகுத்தவர்கள், தீவு நீண்டு கிடக்கும் வாக்கிலேயே கோடு போட்டார்கள். தீவோ நேர் வடக்கே பார்த்துக் கிடக்கவில்லை. 29 டிகிரி கிழக்கே சாய்ந்து கிடக்கிறது. ஆகவே அதன் குறுக்குத் தெருக்கள் நேர் மேற்கைப் பார்க்காமல் 29 டிகிரி வடக்கே விலகிப் பார்க்கின்றன. சூரியனும் தினமும் ஒரே இடத்தில் மறைவதில்லை. அந்த ஊரில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து தெற்கே 32 டிகிரி வரை போகிறது. கோடையில் வடக்கே அதே அளவு வருகிறது. அப்படி வடக்கே போகும்போது மே 28-ஐ ஒட்டி ஒருமுறை, ஜூன் 21-ல் எல்லையைத் தொட்டுத் திரும்பும்போது ஜூலை 12-ஐ ஒட்டி மறுமுறை, தெருவுக்கு நேராக வந்து நிற்கிறது. இருபுறமும் வானளாவிய கட்டடங்கள். நடுவே, தெருவின் முனையில், சிவந்த வட்டம். நீல் டிகிராஸ் டைசன் என்ற வானியல் அறிஞர் இதற்கு மன்ஹாட்டன்ஹென்ஜ் என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தில் சூரியனுக்கு நேராக நிறுத்தப்பட்ட பழங்காலக் கற்களின் பெயரைத் தழுவிய பெயர் அது. 34-ஆம் தெரு, 42-ஆம் தெரு போன்ற அகலமான தெருக்களில் ஜனங்கள் நடுரோட்டில் இறங்கி நின்று படம் பிடிக்கிறார்களாம்.

பார்ப்பது கூடுமா என்றால், தாராளமாகக் கூடும். அருள்மறையில் அல்லாஹுத்தஆலா தன்னைக் கிழக்குக்கும் மேற்குக்கும் இறைவன் என்று முஸ்ஸம்மில் சூராவில் ஒருமையில் சொல்கிறான். ரஹ்மான் சூராவில் இரு கிழக்கு, இரு மேற்கு என்கிறான். மஆரிஜ் சூராவிலோ பல கிழக்குகள், பல மேற்குகள் என்று வருகிறது. கோடையில் ஓர் எல்லை, குளிர்காலத்தில் ஓர் எல்லை என்பதால் இரண்டு. நாள்தோறும் ஓர் இடம் என்பதால் பல என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் தந்துள்ளார்கள். மதரஸாவில் இதை ஓதியபோது நான் பாடமாகத்தான் ஓதினேன். அந்தப் பிள்ளை நடுத்தெருவில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறான்.

ஆனால் அஸர்? மே மாதக் கடைசியில் அங்கே ஷாஃபி மத்ஹபின்படி மாலை 5 மணிக்கு முன்பே அஸர் வக்து வந்துவிடுகிறது. சூரியன் மறைய 8 மணி தாண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் அவகாசம். "நல்ல இடம் பிடித்துவிட்டேன் மாமா. நகர்ந்தால் இடம் போய்விடும் என்று நினைத்தேன்" என்றான்.

உட்கார்ந்து சூரியனையே பார்த்துக்கொண்டிருந்து, அது மறையப் போகும் கடைசி நேரத்தில் எழுந்து நான்கு ரக்அத்தைக் கொத்திவிட்டுப் போவதை முனாஃபிக்குடைய தொழுகை என்று நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அதையும் சொன்னேன். மறைவதற்கு முன் ஒரு ரக்அத்தை அடைந்துகொண்டவர் அஸரை அடைந்துகொண்டார் என்ற ஹதீஸையும் சேர்த்தே சொன்னேன். கடைசிப் பத்து நிமிடத்தில் நடைபாதை ஓரமாக ஒதுங்கியிருந்தால்கூட தொழுகை கைக்கு வந்திருக்கும். தாமதித்த குற்றம் வேறு, விட்டுவிட்ட குற்றம் வேறு. உடனே களாச் செய்து, தவ்பாவும் செய்யச் சொன்னேன்.

அதிகம் அதட்ட எனக்கு வாய் வரவில்லை. ஓதுகிற காலத்தில் ஒருநாள் வெயில் மஞ்சளாகும் வரை பந்து விளையாட்டில் மூழ்கிக் கிடந்தேன். உஸ்தாத் வந்தார்கள். திட்டவில்லை. மேற்கே ஒருமுறை பார்த்தார்கள், என்னை ஒருமுறை பார்த்தார்கள், போய்விட்டார்கள். அடி வாங்கியதெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

பிறகு அவன் இன்னொன்று கேட்டான். அதே மே 28-ஐ ஒட்டித்தான் மக்காவில் நண்பகலில் கஃபாவின் உச்சிக்கு நேராகச் சூரியன் வருகிறது. நம் நாட்டு நேரம் பிற்பகல் 2.48. ஜூலை 16-ஐ ஒட்டி மறுபடியும், 2.57-க்கு. அந்த நிமிடத்தில் நம் ஊரில் சூரியன் நிற்கும் திக்குதான் கிப்லா. வீட்டில் கிப்லாவைச் சரிபார்க்க விரும்புவோர் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்துக்கொள்ளலாம். "இரண்டும் ஒரே சமயத்தில் வருகிறதே மாமா, இதில் ஏதும் அத்தாட்சி உண்டா?" என்றான்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பெருமானாரின் அருமை மகன் இப்ராஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகத்தான் என்று ஜனங்கள் பேசினார்கள். துக்கத்தின் நடுவிலும் நபியவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்கும் பிறப்புக்கும் அவை கிரகணம் அடைவதில்லை என்று திருத்தினார்கள். சொந்த மகனுக்கே சேர்க்காத சிறப்பை, 1811-ல் யாரோ போட்ட தெருக்கோட்டுக்கு நாம் சேர்ப்பதா? சிகாகோ நகரின் தெருக்கள் நேர் மேற்கைப் பார்ப்பதால் அங்கே இதே காட்சி மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிடைக்கிறது. கோடு மாறினால் நாளும் மாறும், அவ்வளவே.

அதே மன்ஹாட்டனில் மூன்றாம் அவென்யூவில், 96-ஆம் தெருப் பக்கம், 1991-ல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாம் தெருவோடு ஒட்டி நிற்க, அது மட்டும் தெருவின் வரிசையிலிருந்து 29 டிகிரி திரும்பி நிற்கிறது. அங்கிருந்து கிப்லா வடகிழக்கு. பூமி உருண்டை என்பதால் குறுக்கு வழி அப்படிப் போகிறது. தெருவுக்கு ஒத்துப்போகப் பள்ளிவாசல் கட்டியவர்கள் சம்மதிக்கவில்லை.

"ஜூலையில் மறுபடி வருகிறது, போகட்டுமா மாமா?" என்றான். அஸரைத் தொழுதுவிட்டுப் போ என்றேன். கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் ஒளிந்தால் அது மஃக்ரிப் ஆகாது, அட்டவணையைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

ஜூலையில் போன் வந்தது. அஸரைப் பற்றி நான் கேட்கவில்லை. மஃக்ரிபை எங்கே தொழுதாய் என்று மட்டும் கேட்டேன்.

"மூடிய ஒரு கடை வாசலில், மாமா. முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து கூட நின்றார்கள். கிப்லா சாய்வாக இருந்ததால் எங்கள் ஸஃப்பு தெருவுக்குக் கோணலாக நின்றது" என்றான்.