நம்மைப் பற்றி யார் சொல்ல வேண்டும்?

பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இப்போது இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. பயிற்சி வகுப்பு நடத்துபவர், "உங்களை நீங்களே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்ளுங்கள், லிங்க்ட்இன்னில் விடாமல் எழுதுங்கள், சொல்லாத வேலை செய்யாத கணக்குதான்" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "வேலையை ஒழுங்காகச் செய், பேர் தன்னால் வரும்" என்கிறார்கள். முதலாவதில் ஏதோ வெட்கக்கேடு இருப்பதுபோலவும் இரண்டாவதில் அறம் முழுதாக இருப்பதுபோலவும் படுகிறது. உண்மையில் அப்படித்தானா?

பெரியவர்கள் பக்கத்துக்குச் சாட்சி ஊருக்குள்ளேயே உண்டு. பாலக்காடு கே.வி. நாராயணசாமியின் பெயரில் உள்ள 'கே' கொல்லங்கோடு. 'வி' தந்தை விஸ்வநாத பாகவதர். 1923இல் பிறந்து 2002இல் மறைந்த அவர், கர்நாடக இசை உலகில் அடக்கத்துக்கே எடுத்துக்காட்டாகப் பேசப்படும் பாடகர். மேடையில் ஆர்ப்பாட்டம் கிடையாது. ஆனாலும் 1976இல் பத்மஸ்ரீ, 1986இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி என எல்லாம் வந்தன. பேர் தன்னால் வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும்.

தன்னால் வரவில்லை. அவர் குரலின் தரத்தை இளமையிலேயே கண்டுகொண்டு ஆதரித்தவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். 1942இல் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் சீடராகச் சேர வழி செய்தவரும் அவரே. 'அரியக்குடி சிஷ்யர்' என்ற ஒரு சொல் அந்நாளில் எந்த சபா செயலாளருக்கும் போதுமான சான்று. நாராயணசாமி தம்மைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிந்தது. பேச வேண்டிய இடத்தில் பேசுவதற்கு அவரைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள். அந்த அடக்கம் போலியல்ல. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கத் தூண்கள் இருந்தன.

அதே 1923இல், அதே பாலக்காட்டு மண்ணில் பிறந்த இன்னொரு பாடகர் எம்.டி. ராமநாதன். அவருடைய 'எம்' மஞ்ஞப்ரா என்ற சிற்றூர். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியர். அவசரப்படும் சபைகளுக்காகத் தம் விளம்ப காலத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1974இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத கலாநிதி கடைசிவரை கிடைக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தால் பேர் வரும் என்ற வாக்குறுதியை நம்பச் சொல்பவர்கள், அது எல்லோருக்கும் ஒரே அளவில் நிறைவேறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இந்தச் சிக்கலைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார். தம் இலக்கண நூலான நன்னூலின் பாயிரப் பகுதியில், இதுவரை இல்லாத நூலைப் படைத்துப் பல துறைகளை முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று விதிக்கிறார். பள்ளியில் படித்தவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். அதை ஒட்டியே இன்னும் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று, நூலாசிரியனின் சிறப்பைச் சொல்லவேண்டியவர்கள் யார் என்பது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுந்த உரைகாரர் ஆகிய நால்வர். அவர்கள் விரும்பினால் செய்யலாம் என்று விட்டுவிடாமல், கடன் என்றே வைக்கிறார். மற்றொன்று விதிவிலக்கு. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய நேரத்திலும், எதிராளி பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதையும் நேர்காணலில் உட்காருவதையும் முதல் இரண்டு விலக்குகளும் அப்படியே மூடிவிடுகின்றன.

ஆகவே, தற்புகழ்ச்சிக்குப் போட்ட தடை தனியாக நிற்பதல்ல. நால்வர் பேசுவார்கள் என்ற உறுதியின் மேல் நிற்கிறது. அலுவலகத்தில் அந்த நால்வர் மேலாளரும், பக்கத்து இருக்கைக்காரரும், கீழே பணிபுரிபவரும், துறை அறிந்த வெளியாளும்தான். இவர்கள் தங்கள் கடனைச் செய்யாத இடத்தில் ஊழியரை மட்டும் அடக்கமாக இருக்கச் சொல்வது அறமாகாது. அது, ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு வசதியான ஏற்பாடு.

நால்வரும் பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் மணி ஐயரின் பக்கத்திலேயே சான்று உண்டு. 1966இல் சங்கீத கலாநிதி பெற்றபோது, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவர். அவர் விரும்பிய நாதத்துக்காகத் தோலோடும் மரத்தோடும் பல காலம் போராடியவர் தஞ்சாவூர் பர்லாந்து. மாட்டுத்தோலைக் கையால் தொடுவதே இழிவாகக் கருதப்பட்ட சமூகத்தில், செய்தவர் பெயரும் சேர்ந்து மறைந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வெளிவந்த பிறகுதான் மிருதங்கம் செய்யும் அந்தக் குடும்பங்களின் பெயர்கள் பலருக்குத் தெரிந்தன. பர்லாந்துவிடம் போய் அடக்கத்தின் மேன்மையைப் பற்றி யார் பேசியிருக்க முடியும்?

இதனால் பயிற்சி வகுப்புக்காரர் வென்றுவிட்டார் என்று ஆகாது. அவர் சொல்லித் தருவதில் பெரும்பகுதி விலக்கைத் தாண்டிய சரக்கு. எட்டுப் பேர் சேர்ந்து முடித்த வேலையை 'நான் வழிநடத்தினேன்' என்று எழுதுவது மற்ற ஏழு பேரின் பெயரைத் திருடுவது; சொல் நயமாக இருப்பதால் திருட்டு இல்லை என்றாகிவிடாது. ராமநாதன் தம் கீர்த்தனைகளில் வைத்த முத்திரை 'வரததாச'. தம் அடையாளத்துக்குள்ளேயே குருவின் பெயரை வைத்தார், தாசன் என்றும் சொல்லிக்கொண்டார். முத்திரையும் ஒருவகை பிராண்டுதான். யாருக்குக் கடன்பட்டது என்பதை அந்த முத்திரை மறைக்கவில்லை.

இன்னொரு ஆபத்து, படம் ஆளை விழுங்குவது. இதைக் கொல்லங்கோடே இப்போது பட்டு அறிகிறது. இந்தியாவின் அழகிய கிராமங்கள் என்று தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2023இல் பகிர்ந்த பட்டியலில் ஊர் இடம்பெற்றதும், நெல்லியாம்பதி மலையை முதுகில் வைத்துப் படம் எடுக்க வண்டிகள் வரத் தொடங்கின. வயல் பச்சையாக இருக்கும் மாதங்களில் மட்டுமே ஊர் படத்தைப்போல இருக்கும். அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும்போதும் அது கொல்லங்கோடுதான், ஆனால் வருகிறவர் ஏமாந்துபோகிறார். தன்னை 'எப்போதும் உற்சாகமான தலைவர்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டவரும், ஒரு திட்டம் தோற்ற மாதத்தில் அதே கட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறார். தோல்வியைச் சொன்னால் படம் கெடும், சொல்லாவிட்டால் பொய்.

நிறுவனங்கள் இதில் தங்களுக்குப் பங்கில்லாததுபோல நடந்துகொள்வதுதான் வேடிக்கை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'உங்கள் சாதனைகள்' என்ற கட்டத்தை ஊழியரையே நிரப்பச் சொல்லிவிட்டு, பிறகு 'எப்போதும் தன்னைப் பற்றியே பேசுகிறார்' என்று முகம் சுளிக்க எந்த மேலாளருக்கும் உரிமையில்லை. ஓலை கேட்டது அவர்தான். அந்தக் கட்டத்துக்குக் கீழே 'உடன் செய்தவர்கள்' என்று இன்னொரு கட்டம் இருந்தால், திருடுபவருக்குக் கை கொஞ்சம் தயங்கும். கூச்சப்படுபவரின் பெயர் வேறொருவர் கையெழுத்திலாவது வந்து சேரும்.